லீவில் இருக்கும்போது ஆபீஸ் இமெயிலைப் பார்க்கத்தான் வேண்டுமா? மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

நாலு நாள் லீவு போட்டிருக்கிறீர்கள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கைப்பேசி ஒலிக்கிறது. ஆபீஸ் இமெயில். "சும்மா ஒரு தடவ பார்த்துட்டு வெச்சிடலாம்" என்று திறக்கிறீர்கள். பஸ் ஈப்போவைத் தாண்டும்போதும் நீங்கள் பதில் எழுதிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

லீவில் இருப்பவர் மின்னஞ்சலைப் பார்க்க வேண்டுமா? பார்க்காவிட்டால் வேலைக்கு ஆபத்தா? பார்த்து வேலை செய்தால் அதற்குச் சம்பளம் உண்டா? மலேசியச் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, நீங்கள் என்ன செய்யலாம் என்று இங்கே பார்ப்போம்.

பினாங்கில் இந்தக் கேள்வி ஏன் பெரிசாகிறது?

கெலுகோரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஜார்ஜ் டவுன், தெற்கே பாயான் லெப்பாஸ். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், முதல் பினாங்குப் பாலத்தின் தீவுப் பக்க முனையும் இங்கேதான். படிப்பை முடித்துத் தொழிற்சாலையிலோ ஐ.டி. கம்பெனியிலோ சேரும் ஒருவருக்கு வேலை அதிக தூரத்தில் இல்லை.

அந்த வேலையின் மறுமுனைதான் தூரத்தில் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் 1972இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டு பினாங்கில் திறந்தது. அதன் பிறகு வந்த பல மின்னணு நிறுவனங்களுக்கும் தலைமையகம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இருக்கிறது.

கலிபோர்னியாவுக்கும் பினாங்குக்கும் 15 அல்லது 16 மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணிக்கு ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால், இங்கே நள்ளிரவு 12 அல்லது 1 மணி. அங்கே வெள்ளிக்கிழமை பிற்பகலில் "வாரம் முடியறதுக்குள்ள அனுப்பிடலாம்" என்று தட்டிவிடும் மின்னஞ்சல், நமக்குச் சனிக்கிழமை காலை நாஸி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வந்து விழும். அனுப்பியவர் வேலை நேரத்தில்தான் அனுப்பினார். வாங்கியவருக்குத்தான் அது ஓய்வு நேரம்.

லீவு பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்துவது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல், வேலை ஒப்பந்தத்தின் கீழ் பணியாற்றும் எல்லாரையும், சம்பளம் எவ்வளவு என்றாலும், இந்தச் சட்டம் பொதுவாக உள்ளடக்குகிறது.

சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும்:

- ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 8 நாள்
- 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 12 நாள்
- 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள்

இது முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை இல்லை, சட்டம் தரும் உரிமை. கம்பெனி இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கிறது. ஆண்டு விடுமுறையில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போய் எம்.சி. கிடைத்தால், அந்த நாள்கள் மருத்துவ விடுப்பில்தான் சேரும். ஆண்டு விடுமுறையில் அந்த நாள்களைக் கழிக்கக் கூடாது.

அப்படியென்றால், லீவில் மின்னஞ்சலைப் பார்க்காமல் இருக்க உரிமை உண்டா?

நேரடியாக அப்படிச் சொல்லும் பிரிவு எதுவும் வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. வெளிநாடுகளில் பேசப்படும் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' இங்கே தனி உரிமையாக எழுதப்படவில்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேர வேலை என்று சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. 'வேலை நேரம்' என்றால் என்ன என்பதையும் சொல்கிறது. ஊழியர் தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல், முதலாளியின் தேவைக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம்தான் அது. "லீவுதானே, ஆனா லேப்டாப்ப எடுத்துட்டுப் போ, எப்போ கூப்பிட்டாலும் எடு" என்று மேலாளர் சொன்னால், இந்த விளக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த நாள் உண்மையிலேயே உங்கள் நாளா என்ற கேள்வி வரும்.

பார்த்தால் ஓ.டி. கிடைக்குமா?

இங்கேதான் 4,000 வெள்ளி என்ற எல்லை வருகிறது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் இருந்தால், சட்டப்படியான ஓ.டி., ஓய்வு நாள் வேலைக்கான கூடுதல் சம்பளம், பொது விடுமுறை வேலைக்கான கூடுதல் சம்பளம் ஆகியவை பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. இளம் பொறியாளர்கள் பலர் இந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடுவார்கள். சம்பளம் ஏறியதில் சந்தோஷம்தான். ஆனால் அதன்பிறகு உங்கள் ஓய்வு நேரத்துக்கு விலை போடுவது சட்டம் அல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்.

4,000 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் வாங்குபவர்களுக்கு, வழக்கமான நாளில் கூடுதல் நேர வேலைக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். மாதச் சம்பளக்காரர் பொது விடுமுறையில் வேலை செய்தால், அன்றைய விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் சம்பளம். பத்து நிமிடம் பதில் எழுதியதற்கு யாரும் இதைக் கேட்டுப் போக மாட்டார்கள். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார வைத்தால் கதை வேறு. அதனால் எத்தனை மணிக்கு, யார் கேட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

தீபாவளி, தைப்பூசம் தானாகவே லீவா?

இதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சட்டப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறையும் அரசிதழில் வெளியான விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்கும் முன்பே வேலையிடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும்.

தைப்பூசம் பினாங்கில் மாநில விடுமுறை. வெள்ளி ரதம் கிளம்பித் தண்ணீர்மலை வரை போகும் அந்த நாள்களில் உங்கள் கம்பெனி திறந்திருக்குமா என்பது அந்த அறிவிப்பில்தான் தெரியும். பட்டியலில் இல்லாத பண்டிகைக்கு ஆண்டு விடுமுறையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கைவசம் இருப்பதே 8 நாள் என்றால், அதில் ஒரு நாளை இமெயிலுக்குக் கொடுப்பது சின்ன இழப்பு இல்லை.

ஒரு தடவை பார்த்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

மின்னஞ்சலைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். மனசை விட்டு அது போக அதைவிட நேரமாகும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவும்போது, முந்தைய வேலையின் ஒரு பகுதி மனதிலேயே தங்கிவிடும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். லீவில் பார்க்கும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படித்தான். பிரச்சினை தெரிந்துவிடும், தீர்க்க ஃபைல் கையில் இருக்காது.

எதிர்பார்ப்பும் ஒரு சுமைதான். வேலை நேரத்துக்குப் பிறகும் மின்னஞ்சலைக் கவனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலே ஊழியருக்குப் பதற்றம் கூடுகிறது, வீட்டில் இருக்கும் துணைவரையும் அது பாதிக்கிறது என்று அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பெக்கரும் சக ஆய்வாளர்களும் 2018இல் காட்டினார்கள். ஒரு மின்னஞ்சலும் வராத நாளில்கூட, "வந்திருக்குமோ" என்று பத்து தடவை போனை எடுத்துப் பார்ப்பவருக்கு இது புரியும்.

"பார்க்காம இருந்தாதான் எனக்கு டென்ஷன்" என்று சொல்பவர்களும் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் அந்த டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் வேலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாததால்தான் பெரும்பாலும் வருகிறது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரான்ஸில் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகான மின்னணுத் தொடர்பு பற்றி ஊழியர் தரப்புடன் பேச வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021இல், ஊழியரின் ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் கொண்டுவந்தது. தவிர்க்க முடியாத நெருக்கடி மட்டும் விலக்கு.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த உரிமை இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு ஓராண்டு கழித்து அமலானது. முதலாளி கூப்பிடக் கூடாது என்று அந்தச் சட்டம் தடை போடவில்லை. பார்க்காமலும் பதில் சொல்லாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை தருகிறது, மறுப்பது நியாயமற்றதாக இருந்தால் தவிர. ஏன் கூப்பிட்டார்கள், அதற்குச் சம்பளம் உண்டா, பதவி என்ன, வீட்டுச் சூழல் என்ன என்பதெல்லாம் கணக்கில் வரும். இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் இதற்கான தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சட்டத்துக்குக் காத்திராத கம்பெனிகளும் உண்டு. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் லீவில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சலைத் தானாகவே அழித்துவிடும் வசதியை ஊழியர்களுக்குத் தந்தது. அவசரம் என்றால் யாரைத் தொடர்புகொள்வது என்று அனுப்பியவருக்கு ஒரு பதில் போகும். லீவு முடிந்து வருபவருக்குக் குவிந்து கிடக்கும் இன்பாக்ஸும் இல்லை.

எப்போது பார்ப்பது நியாயம்?

மூன்று சூழல்களைச் சொல்லலாம். ஒன்று, 24 மணி நேரமும் ஓடும் உற்பத்தி, மருத்துவம் போன்ற வேலையில், அலவன்ஸுடன் 'ஆன் கால்' பொறுப்பை நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால். இரண்டு, உங்களுக்கு மட்டுமே தெரிந்த தகவல் இல்லாமல் பாதுகாப்புக்கோ பெரிய நஷ்டத்துக்கோ ஆபத்து வந்தால். மூன்று, சொந்தத் தொழில் நடத்தினால். இந்த மூன்றிலும் சேராதது லீவு முடியும்வரை காத்திருக்கலாம். "கிளையண்ட் கேக்கறாரு" என்பது மட்டும் அவசரம் ஆகாது.

லீவுக்கு முன் என்ன செய்யலாம்?

- ஒரு வாரம் முன்பே மேலாளரிடம் பேசுங்கள். உங்கள் வேலையைக் கவனிக்கப்போகும் ஒருவரின் பெயர் முடிவாகட்டும்.
- எது அவசரம் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். அவசரத்துக்கு போன் அழைப்பு மட்டும், மின்னஞ்சலோ வாட்ஸ்அப் குரூப்போ பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பேசியதை ஒரு சின்ன மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவையுங்கள்.
- தானியங்கிப் பதிலில் திரும்பும் தேதியையும் பொறுப்பாளரின் பெயரையும் போடுங்கள். "இமெயிலை அவ்வப்போது பார்ப்பேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது நீங்களே கதவைத் திறந்து வைப்பது மாதிரி.
- வெளிநாட்டு அணியுடன் வேலை என்றால், நம் ஊர் விடுமுறைகளை அவர்கள் காலண்டரில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தீபாவளி எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.
- ஆபீஸ் மின்னஞ்சலின் அறிவிப்பு ஒலியை அணைத்து வையுங்கள்.

அப்படியும் பாஸ் கூப்பிட்டால்?

வேலைக்குப் புதுசு, இன்னும் நிரந்தரமாகவில்லை என்றால் "முடியாது" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சண்டை போடாமலும் எல்லை போடலாம். "இன்னிக்கு லீவுல இருக்கேன். இந்த வேலைய இன்னார் பார்க்கறாங்க, அவங்ககிட்ட சொல்லிட்டேன். திங்கக்கெழம காலைல நான் எடுத்துக்கறேன்." அவ்வளவுதான். அரை நாள், ஒரு நாள் என்று உண்மையிலேயே வேலை செய்ய வேண்டி வந்தால், அந்த நாளை ஆண்டு விடுமுறைக் கணக்கில் திருப்பிச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

உரிய லீவோ கூடுதல் சம்பளமோ தராமல் இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். பதில் போடவில்லை என்பதற்காக வேலையை விட்டே தூக்கினால், நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாக 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

நீங்களே நாளைக்கு ஒரு அணிக்குத் தலைவராகலாம். அப்போது சனிக்கிழமை இரவு தோன்றும் யோசனையை எழுதி, திங்கள் காலை போகும்படி நேரம் குறித்து வையுங்கள். லீவில் இருப்பவரை அந்த மின்னஞ்சலில் சேர்க்காதீர்கள். "அவசரமில்லை, வந்து பாருங்கள்" என்று நீங்கள் எழுதினாலும், பாஸ் பெயரைத் திரையில் பார்த்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்குபவர்கள் குறைவு.