பலமும் பலவீனமும்: அமெரிக்கக் கால்பந்தின் மதிப்பீட்டுக் குறிப்புகளை ஒரு வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

(நீள் பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.)

ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். தன் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. 32 அணிகள் 7 சுற்றுகளில் ஏறத்தாழ 250 இளைஞர்களைப் பல்கலைக்கழக அணிகளிலிருந்து முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. 'டிராஃப்ட்' என்பது இதன் பெயர். தேர்வு முடிந்த மறுநாளே அவர்களுள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு அச்சேறிவிடும். ஒரு பக்கம் அவருடைய பலம், மறுபக்கம் அவருடைய பலவீனம், அடியில் அணியின் தேர்வுக்கு ஒரு மதிப்பெண். அந்த இளைஞர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இன்னும் காலடி வைத்திருக்கமாட்டார் என்பதை நினைவிற்கொள்க.

இக்குறிப்புகளை விளையாட்டு இரசிகர்கள் எதிர்கால ஆரூடங்களாக வாசிக்கின்றனர். வரலாற்று மாணவர்கள் அவற்றை வேறு வகையில் வாசிக்கலாம் என்பதே இப்பதிவின் கருத்து. ஓர் இளைஞனைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு, அவனை எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், எவ்வளவு தொலைவு பயணம் செய்தார், எந்தச் சொற்களைக் கையில் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்கிறது. கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் அந்த நிலைகள் நான்குமுறை மாறியுள்ளன.

1. கரும்பலகையும் செய்தித்தாளும்

1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு முன்மொழிவை வைத்தார். பணமுள்ள அணிகள் சிறந்த வீரர்களை ஏலம் போட்டு அள்ளிக்கொண்டிருந்தன. ஏழை அணிகள் தொடர்ந்து தோற்றன. ஆகவே, கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் தேர்வுரிமை என்னும் தலைகீழ் வரிசையை அவர் கோரினார். அவருடைய அணிதான் அவ்வாண்டு கடைசி இடத்தில் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் முதல் தேர்வு நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்கள் எழுதப்பட்டன. 9 அணிகள் 9 சுற்றுகளில் 81 பேரைத் தேர்ந்தெடுத்தன.

அந்த 90 பெயர்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்தும், ஆண்டுதோறும் வெளியான 'அனைத்து அமெரிக்க' அணிப் பட்டியல்களிலிருந்தும், நண்பர்களின் வாய்மொழியிலிருந்தும். முழுநேரத் திறனாய்வாளர் எந்த அணியிலும் இல்லை. முதலாவதாகத் தேர்வான சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தை ஆடவே இல்லை. தேர்வான 81 பேரில் அவ்வாண்டு களமிறங்கியோர் மூன்றில் ஒரு பங்கினரைக்கூட எட்டவில்லை. மறுபுறம், கடைசிச் சுற்றான ஒன்பதாவதில் சிகாகோ பேர்ஸ் அணி எடுத்த டான் ஃபோர்ட்மன் பிற்காலத்தில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். ஆடிக்கொண்டே மருத்துவமும் பயின்று மருத்துவரானார்.

அக்காலத்தின் விதிவிலக்கு, நியூயார்க் ஜயண்ட்ஸ் உரிமையாளரின் மகன் வெலிங்டன் மாரா. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வெளிவந்த செய்தித்தாள்களையும் இதழ்களையும் வரவழைத்து, வீரர்களைப் பற்றிக் குறிப்பெடுத்துத் தொகுத்த இளைஞர் அவர். அவர் பரிந்துரைத்த டஃபி லீமன்ஸ் இரண்டாம் சுற்றில் தேர்வாகிப் புகழ்மண்டபம் வரை சென்றார். 19 வயது இளைஞர் ஒருவர் செய்தித்தாள் நறுக்குகளைக் கொண்டே மற்ற அணிகளை முந்த முடிந்தது என்றால், அக்காலத்தில் அறிவு எவ்வளவு அருகிக் கிடந்தது என்பதை உணரலாம்.

2. பார்க்கப்படாதவர்கள்

அறிவின் பஞ்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், பிழைகள் எல்லோர்மீதும் சமமாக விழுந்திருக்க வேண்டும். அவ்வாறு விழவில்லை. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1939 பருவத்தில் யு.சி.எல்.ஏ. அணிக்காக ஆடிய கென்னி வாஷிங்டன் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். இங்கே செய்திக்குப் பஞ்சமில்லை. பல்லாயிரவர் அவர் ஆட்டத்தைக் கண்டிருந்தனர். ஆயினும் எந்த அணியும் அவர் பெயரை அழைக்கவில்லை. 1946இல் கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி, பொதுப்பணத்தில் கட்டப்பட்ட நகர விளையாட்டரங்கைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கறுப்பினச் செய்தியாளர்கள் கொடுத்த அழுத்தத்திற்குப் பின்னரே அவ்வணி அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு வயது 27, முழங்கால்கள் தேய்ந்திருந்தன.

அதே ராம்ஸ் அணிதான் எடி கோட்டல் என்பவரை முழுநேரத் திறனாய்வாளராக நியமித்து நாடெங்கும் அனுப்பியது. பிறர் எட்டிப்பார்க்காத சிறு கல்லூரிகளுக்கும் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் அவர் சென்றார். அதன் பயனாக 1949இல் லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து 'டாங்க்' யங்கர் ராம்ஸ் அணிக்கு வந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல்.லுக்கு வந்த முதல் வீரர் அவரே. ஆனால், அவரும் தேர்வில் அழைக்கப்பட்டவர் அல்லர். தேர்வுக்கு வெளியே ஒப்பந்தமானவர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் இதே பாடத்தைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி கற்றது. கறுப்பின மக்களின் வார இதழான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் விளையாட்டுப் பகுதியில் பணியாற்றிய பில் நன், கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வந்தார். உள்ளூர் அணியிலிருந்தே யாரும் அப்பட்டியலைப் பொருட்படுத்தவில்லை என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. 1960களின் இறுதியில் ஸ்டீலர்ஸ் அவரையே பணியில் சேர்த்துக்கொண்டது. எல்.சி. கிரீன்வுட் (1969, 10ஆம் சுற்று), மெல் பிளவுன்ட் (1970, 3ஆம் சுற்று), ஜான் ஸ்டால்வொர்த் (1974, 4ஆம் சுற்று) ஆகியோர் அவர் அறிந்த கல்லூரிகளிலிருந்து வந்தோர்.

ஸ்டால்வொர்த்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அலபாமாவில் ஈரத் தரையில் அவரை ஓடவிட்டு நேரம் குறித்த பல அணிகளின் ஆய்வாளர்கள், 'வேகம் போதாது' என்று எழுதிக்கொண்டு புறப்பட்டனர். நன் மட்டும் உடல்நலமில்லை என்று கூறித் தங்கிவிட்டார்; மறுநாள் உலர்ந்த தரையில் மீண்டும் ஓடச்செய்து அளந்தார். கடிகாரம் இருமுறையும் பொய் சொல்லவில்லை. தரையைப் பற்றிய கேள்வியைக் கேட்டவர்தாம் ஒருவரே. ஸ்டால்வொர்த் பின்னர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பில் நன் அவ்விடத்தை 2021இல்தான் பெற்றார். அப்போது அவர் உயிருடன் இல்லை.

3. எண்ணாக மாறிய சொல்

1960இல் தொடங்கப்பட்ட டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், மதிப்பீட்டைக் கணினியிடம் ஒப்படைக்க விரும்பினார். அவருக்குக் கிடைத்த புள்ளியியலாளர் ஓர் இந்தியர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற சலாம் குரேஷி அப்போது ஐ.பி.எம்.மின் துணை நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிரிக்கெட் தெரியும். அமெரிக்கக் கால்பந்து தெரியாது. இந்திய வாசகர்கள் அதிகம் அறியாத இம்மனிதர், விளையாட்டுப் புள்ளியியலின் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டியவர்.

குரேஷி எதிர்கொண்ட முதற்சிக்கல் கணிதச் சிக்கலன்று, மொழிச் சிக்கல். 'சுறுசுறுப்பு' என்று ஒரு பயிற்சியாளர் எழுதியதும் மற்றொருவர் எழுதியதும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பண்புகளிலிருந்து தொடங்கி, இறுதியில் ஐந்தாகச் சுருக்கினர்: ஒழுக்கம், உடற்கட்டுப்பாட்டுடன் கூடிய விரைவு, போட்டி மனப்பான்மை, மனக்கூர்மை, வலிமையும் வெடிப்பாற்றலும். ஒவ்வொரு பண்பையும் விளக்கும் கூற்றுகளுக்கு ஆய்வாளர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடவேண்டும். இன்றைய 'பலம், பலவீனம்' பட்டியல்களின் முன்னோடி இந்தக் கேள்வித்தாளே எனலாம்.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பொதுவான சொற்றொகுதி உருவானதால், பெரிய பல்கலைக்கழக வீரரையும் பெயர் தெரியாத சிறு கல்லூரி வீரரையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதன் எல்லையும் இங்கேயே உள்ளது. கணினி ஐந்து எண்களைக் கூட்டும். அவ்வெண்களை இட்டவர் மனிதர். 'ஒழுக்கம்' என்பதற்கு 4 இடுவதா 7 இடுவதா என்பதை மேற்கோட்டை இயந்திரம் தீர்மானிக்கவில்லை; காரோட்டிச் சென்று பயிற்சியாளரிடம் பேசிய ஒரு மனிதர் தீர்மானித்தார். அகவயமான தீர்ப்பு மறைந்துவிடவில்லை. அது எண்ணின் உடையை அணிந்துகொண்டது.

அடுத்த கட்டமாக அளவீடே ஒரு நிகழ்ச்சியாயிற்று. 1982இல் தொடங்கிய கூட்டு உடற்தகுதி முகாம் 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெறுகிறது. 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை எத்தனைமுறை தூக்கலாம் என்னும் சோதனை, எகிறிக் குதித்தல் எனப் பல. 12 நிமிடங்களில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் அறிவுத்தேர்வும் நெடுங்காலம் இதில் இருந்தது. அதே தேர்வு 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற வழக்கொன்றில் விசாரணைக்கு உள்ளாயிற்று. டியூக் மின் நிறுவன வழக்கில், பணிக்குத் தொடர்பில்லாத தேர்வுகளால் கறுப்பினத் தொழிலாளரை வடிகட்டுதல் சட்டவிரோதம் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்.எஃப்.எல். தன் முகாமிலிருந்து அத்தேர்வை நீக்கியது 2022இல்.

4. மூளைக்குரிய இடம்

வடிகட்டல் சில வேளைகளில் கதவை மூடியது. சில வேளைகளில் வேறு கதவைக் காட்டியது. சமூகவியலாளர்களான ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தின் மையத்திலிருந்து முடிவெடுக்கும் இடங்களில் வெள்ளையரும், விளிம்பு இடங்களில் கறுப்பினத்தவரும் குவிக்கப்படுவதைக் காட்டினர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பொறுப்பே மையத்தின் மையம்.

1978 ரோஸ் பௌல் ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர் வாரன் மூன் என்னும் கறுப்பின குவாட்டர்பேக். வேறு இடத்திற்கு மாற அவர் விரும்பவில்லை. அவ்வாண்டின் 12 சுற்றுகளிலும் அவர் பெயர் இல்லை. கனடாவின் எட்மண்டன் அணிக்குச் சென்று தொடர்ந்து ஐந்து கோப்பைகளை வென்றார். 1984இல்தான் ஹூஸ்டன் வழியாக என்.எஃப்.எல்.லுக்கு வந்தார். 2006இல் புகழ்மண்டபம் ஏறிய முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவரே. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், லாமார் ஜாக்சனை வேறு இடத்தில் ஆடவைக்கலாம் என மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் வெளிப்படையாகவே கூறினார். 32ஆவதாகத் தேர்வான ஜாக்சன், 2019லும் 2023லும் கூட்டமைப்பின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவருடைய பலமான 'கால்வேகம்' கண்டுகொள்ளப்படாமல் இல்லை. அப்பலமே அவருக்கு எதிரான வாதமாகப் பயன்பட்டது. ஒரே பண்பு ஒருவர் பட்டியலில் பலமாகவும் இன்னொருவர் பட்டியலில் இடமாற்றத்திற்கான காரணமாகவும் எழுதப்படும் இடத்தில்தான் ஆய்வாளர் நின்று நிதானிக்க வேண்டும்.

5. மறுநாள் மதிப்பெண்

1980இல் தொலைக்காட்சி இத்தேர்வை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியபின் மதிப்பீடு அணிகளின் இரகசியமாக இருப்பது முடிவுக்கு வந்தது. யாரும் மதிப்பிடலாம், யாரும் பின்னாளில் நகைக்கலாம். நகைப்பிற்கு நிலையான சான்று டாம் பிரேடி. 2000ஆம் ஆண்டில் ஆறாம் சுற்றில் 199ஆவதாகத் தேர்வான அவர் ஏழு சூப்பர் பௌல் வெற்றிகளைப் பெற்றார். ஆனால், அவரைப் பற்றிய குறிப்புகளை மீண்டும் வாசியுங்கள்: மெலிந்த உடல், மெதுவான ஓட்டம். 40 கஜத்தை அவர் கடந்த நேரம் 5.28 நொடி. எழுதப்பட்ட பலவீனங்கள் உண்மை. அவற்றிலிருந்து பெற்ற முடிவே தவறு. அவரைத் தேர்ந்தெடுத்த நியூ இங்கிலாந்து அணியும் அதற்குமுன் தனக்குக் கிடைத்த வாய்ப்புகளில் வேறு வீரர்களையே எடுத்திருந்தது.

தனிக்கதைகளைவிட மொத்தக் கணக்கே இங்கு நமக்கு உதவும். கேட் மாஸியும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் நிகழ்த்திய ஆய்வு 2013இல் முழுவடிவில் வெளியாயிற்று. ஒரே ஆட்டநிலையில் அடுத்தடுத்துத் தேர்வான இருவரில் முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடு என அவர்கள் கண்டனர். நாணயத்தைச் சுண்டுவதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. மதிப்பீட்டாளர்கள் அறிவற்றோர் என்பது இதன் பொருளன்று. முதற்சுற்று வீரர்கள் சராசரியில் ஏழாம் சுற்றினரைவிட மேலானவர்களே. தமக்கு உள்ள நம்பிக்கையின் அளவுக்கு அவர்களுக்கு அறிவு இல்லை என்பதே கண்டறிதல். முதலிடத்தைப் பெற அணிகள் கொடுத்த விலை, அவ்விடம் தந்த பயனை மிஞ்சியது.

இவற்றிலிருந்து நம் துறை மாணவர்களுக்கு மூன்று செய்திகளை முன்வைக்கிறேன். ஒன்று, மதிப்பீட்டு ஆவணத்தை வாசிக்கும்போது அதில் இடம்பெறாத பெயர்களின் பட்டியலையும் தேடுங்கள்; கென்னி வாஷிங்டனுக்குப் பலவீனக் குறிப்பு எழுதப்பட்டதால் அவர் விலக்கப்படவில்லை. இரண்டு, அளவீட்டின் துல்லியத்தையும் முடிவின் நியாயத்தையும் தனித்தனியே சோதியுங்கள். ஸ்டால்வொர்த்தின் நேரமும் பிரேடியின் நேரமும் சரியாகவே குறிக்கப்பட்டன. மூன்று, பின்னறிவின் துணையோடு முன்னோரை எள்ளுவது எளிது. அவர்கள் அறிந்திருக்கக்கூடியதை அறிய மறுத்த இடங்களே வரலாற்றின் விசாரணைக்குரியவை.

தேர்வுக்குழுக்களிலும் நேர்காணல் மேசைகளிலும் அமரும் நம்மவர்க்கும் இது தொலைதூரச் செய்தியன்று. ஒரு மாணவரின் பெயருக்கு எதிரே 'பலவீனம்' என்று எழுதும்முன், அவர் எந்தத் தரையில் ஓடவிடப்பட்டார் என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். மாற்றுக் கருத்துகளையும் கூடுதல் தரவுகளையும் நண்பர்கள் பின்னூட்டத்தில் பகிர வேண்டுகிறேன்.