சிக்கனம் எஞ்சினில் மட்டும் இல்லை
ஹைபிரிட் கார்களின் மலேசிய வரலாறு

2008-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 70 சென்னாக நள்ளிரவு முதல் உயரும் என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றிரவு எண்ணெய் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. அதுவரை காரின் நிறத்தையும் விலையையும் விசாரித்தவர்கள், மறுநாளிலிருந்து லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் உலகில் இந்தப் போட்டி முன்பே தொடங்கிவிட்டது. டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் பிரியுஸ் காரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1999-இல் ஹோண்டா தன் இன்சைட் காரை அறிமுகப்படுத்தியது. ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரியில் சேர்கிறது. கார் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். காலை வேளையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கார் வேறு என்ன இருக்க முடியும்?

அப்படியானால் நம் வீட்டு வாசல்களில் ஹைபிரிட் ஏன் நிற்கவில்லை? தொழில்நுட்பம் எட்டவில்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் ஜெனிவா கார் கண்காட்சியில், புரோட்டோன் ஜென்-2 காரை அடிப்படையாகக் கொண்ட ஹைபிரிட் மாதிரி ஒன்று வைக்கப்பட்டது. அதை உருவாக்கியது அன்று புரோட்டோன் வசமிருந்த லோட்டஸ். அந்த மாதிரி விற்பனைக்கு வரவேயில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தினமும் போய் வந்தால் 70. மாதம் 22 நாள் வேலைக்கு 1,540 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் 128 லிட்டர் குடிக்கும். 20 கிலோமீட்டர் ஓடும் கார் 77 லிட்டர் குடிக்கும். மிச்சம் 51 லிட்டர். பெட்ரோல் 1.92 ரிங்கிட் என்றால் மாதம் சுமார் 98 ரிங்கிட் மிஞ்சும். அந்தச் சிக்கனக் காருக்கு 20,000 ரிங்கிட் அதிகம் கொடுத்திருந்தால், போட்ட பணம் திரும்ப 17 ஆண்டுகள் ஆகும். 2.70 ரிங்கிட் என்றாலும் 12 ஆண்டுகள். அதற்குள் கார் கடனே முடிந்து, காரும் கிழடாகிவிடும்!

இந்தக் கணக்கை மாற்றியது வரிதான். 2008 ஆகஸ்டு இறுதியில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சிசிக்குக் குறைந்த ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரி முழுமையாகவும் கலால் வரி பாதியாகவும் தள்ளுபடி செய்யப்பட்டன. பிறகு கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டது. ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா பிரியுஸ் சி-யும் மோதின. மலாக்கா, பெகோவில் 2012-இல் ஜாஸ் ஹைபிரிட் பொருத்தப்பட்டது. ஆனால் முழுமையாக இறக்குமதியாகும் ஹைபிரிட்களுக்கான சலுகை 2013 இறுதியில் முடிந்தது. போட்டியின் சூடும் தணிந்தது.

நம் மக்கள் சிக்கனம் அறியாதவர்கள் அல்லர். 1993-இல் தொடங்கப்பட்ட பெரோடுவா, 1994-இல் 660 சிசி கஞ்சிலைக் கொண்டு வந்தபோது, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகக் காரில் ஏறின. பேட்டரி அதிசயம் எதுவும் அதில் இல்லை. எடை குறைவு, எஞ்சின் சிறிது, விலையும் தாங்கக்கூடியது. அதுவே ஏழையின் ஹைபிரிட்.

2014 ஜனவரியில் வந்த தேசிய வாகனக் கொள்கையும் இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. பேட்டரி இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. எடைக்கு ஏற்ப எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று பார்த்தது. அதே ஆண்டு வந்த சாதாரணப் பெட்ரோல் காரான பெரோடுவா ஆக்ஸியா, எரிசக்தித் திறன்மிக்க வாகனம் என்ற தகுதியைப் பெற்றது.

பிறகு போட்டி மின்சாரக் கார்களுக்குத் தாவியது. புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 காரையும், பெரோடுவா 2025 டிசம்பரில் கியூவி-இ காரையும் கொண்டு வந்தன. இடையே 2025 செப்டம்பர் இறுதியில், மலேசியர்களுக்கு ரோன் 95 பெட்ரோல் 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைக்கத் தொடங்கியது. நம் கணக்கு ஏறக்குறைய 2008-க்கு முந்தைய இடத்துக்கே திரும்பியது.

ஆகவே நேயர்களே, இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். காரின் சிக்கனத்தை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. வரியும் மானியமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை நம்மைக் கேட்டு மாறுவதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் உங்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் உள்ள தூரத்தை எழுதிக் கணக்குப் பாருங்கள். பழைய ஹைபிரிட் வாங்குவதானால், பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது, மாற்ற எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள். எண்ணெயில் மிச்சம் பிடித்ததைப் பேட்டரியில் கொட்டினால் அது சிக்கனம் ஆகாது.