லயத்துச் சுவருக்கு எந்தப் பிரிண்டர்?

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயக் காம்பராக்களில் எதிர்ச்சுவரைப் பார்த்தால் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். அப்பாயியோ தாத்தாவோ, ஸ்டூடியோ திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் பல, தோட்ட மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்காக எடுத்தவை. அந்த முகத்துக்கு அந்த வீட்டில் வேறு படம் இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்திருந்தது. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலை முகாமில் காலம் தள்ளி, 2016இல்தான் மக்கல்தெனியவில் புது வீடுகளுக்குப் போனார்கள். மண்ணுக்குள் போன வீட்டோடு சுவரில் இருந்த படமும் போய்விடும். அதன்பிறகு சொந்தக்காரர் கல்யாண அல்பத்தில் ஓரமாக நிற்கும் முகத்தையோ, அடையாள அட்டை நகலையோ, யாரோ ஒருவர் போனில் கிடப்பதையோ தேடியெடுத்துப் பெரிதாக்கித்தான் மாட்ட வேண்டும். வீட்டில் வைத்துப் பெரிய படம் அடிக்கும் பிரிண்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்த வேலை இதுதான்.

இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டாங்கியில் மை ஊற்றும் எப்சன் எல்1800. அதன் வழியில் பின்னால் வந்தது எல்18050. மற்றது, 2020இல் வந்த கெனன் ப்ரோ-300. இரண்டும் ஏ3 தாளைவிடச் சற்றுப் பெரிய, 13 அங்குலத்துக்கு 19 அங்குலத் தாள்வரை அடிக்கும். 17 அங்குல அகலத்துக்கும் பிரிண்டர் உண்டு. ஆனால் பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்தச் சுவருக்கு 13 அங்குலம் தாராளம்.

வித்தியாசம் மையில் இருக்கிறது. எப்சன் டாங்கியில் இருப்பது தண்ணீரில் கரைந்த சாய மை. தாளின் பூச்சுக்குள் இறங்கி ஊறிவிடும். அதனால் பளபளப்புத் தாளில் நிறம் துள்ளும். கல்யாணச் சேலையின் சிவப்பும் தீமிதித் திருவிழாவின் மஞ்சளும் அதில் வருகிற அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கெனனில் இருப்பது நிறமி மை. கரையாத நுண்துகள்கள் தாளின் மேற்பரப்பில் படிந்து நிற்கும். பளபளப்புத் தாளில் அடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மை பட்ட இடமும் படாத இடமும் வேறுவேறாக மினுங்கும். அதைச் சரிசெய்யவே ஒன்பது மைகளோடு பத்தாவதாக நிறமில்லாத பூச்சு ஒன்றை வைத்திருக்கிறார்கள். பளபளப்பில்லாத மட்டுத் தாளில் அந்தத் தொல்லையே இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு வந்தால் எனக்குச் சந்தேகமில்லை. எல்1800இல் ஆறு மை: கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, நீலமும் செந்நிறமும் அடர்த்தியாகவும் வெளிறலாகவும் இரண்டிரண்டு. சாம்பல் மை கிடையாது. தாத்தாவின் கன்னத்து நிழலை அது நிற மைகளைக் கலந்துதான் உண்டாக்க வேண்டும். கலவை சற்றுப் பிசகினாலும் முகத்தில் பச்சையோ ஊதாவோ ஏறும். கெனனில் சாம்பல் மை தனியாக இருக்கிறது. பளபளப்புத் தாளுக்கும் மட்டுத் தாளுக்கும் வெவ்வேறு கறுப்பு. ஒரே பாஸ்போர்ட் படத்தை இரண்டிலும் அடித்துப் பக்கத்தில் வைத்தேன். கெனன் படத்தில் நரைமுடி நரையாகவே இருந்தது.

செலவில் டாங்கிதான் வெல்லும். எப்சன் போத்தல் 70 மில்லி லீற்றர்; ஆறும் சேர்ந்து 420. கெனன் கார்ட்ரிட்ஜ் ஒன்று 14.4 மில்லி லீற்றர்; பத்தும் சேர்ந்து 144. படம் அடித்துச் சம்பாதிக்க நினைக்கிறவருக்குக் கெனன் கட்டாது. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் இரண்டிலும் மை பீய்ச்சும் தலை அடைக்கும். அடைப்பை எடுக்கக் கழுவும்போது போகிற மையும் கெனனில்தான் அதிக விலை. வாரம் ஒரு படமாவது அடித்தே ஆக வேண்டும்.

இனி எங்கள் ஊர் ஈரத்தையும் அடுப்புப் புகையையும் சேர்த்துப் பாருங்கள். என் அம்மாவின் படத்தை ஒரு கடையில் பெரிதாக்கி வாங்கினோம். லீற்றர் கணக்கில் விற்கும் மலிவு மையில் அடித்தது. இரண்டே வருடத்தில் நீலம் போய் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. சட்டத்தைக் கழற்றினால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது நெற்றியின் ஒரு பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அன்றைக்குப் பிறகு ஒரே முகத்தை மலிவான பளபளப்புத் தாளில் இரண்டு மையிலும் அடித்து, காயவிட்டு, குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். சாய மை கண்ணோரத்திலிருந்து வழிந்தது. நிறமி மை நின்றது; நகம் பட்ட இடத்தில் மட்டும் கீறியது. நல்ல தாளும் கம்பனி மையும் போட்டால் சாய மையும் இதைவிடத் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் கொடுத்தார்கள். பழைய முறையில் டெவலப் பண்ணிய படங்கள் அதற்கு ஈடுகொடுத்தன. நாம் இன்று அடிக்கும் படத்துக்கும் அந்தத் தாங்கும் சக்தி வேண்டும்.

ஆகவே கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழாப் படங்களுக்கு டாங்கிப் பிரிண்டர் போதும். நிறம் மங்கினால் திரும்ப அடிக்கலாம். இறந்தவரின் ஒற்றைப் படத்துக்கு நிறமி மையும் மட்டுத் தாளும்தான். தோட்டத்து வீடு ஒவ்வொன்றும் அதை வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒன்று இருந்தால் சுற்றியுள்ள டிவிசன்களுக்கெல்லாம் அடிக்கலாம், தலையும் அடைக்காது. சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

பிரிண்டர் வாங்கும்வரை ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் ஏ4 அளவுக்குத் தெளிவாக வரும். ஏ3 வேண்டுமென்றால் 1200. ஐப்பசி மழைக்கு முன் சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி ஸ்கேன் எடுத்து, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் போனுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.