தோற்றவர் கைக்குப் போன கல்வித் துறை

யாதவப் பிரகாசரிடம் இராமானுஜர் பாடம் கேட்ட ஊர் என்பது திருப்புட்குழிக்குப் பெருமை. இந்த வாரம் நாம் பார்ப்பது அந்தப் பாடசாலையை அல்ல. இந்தச் சுற்றுவட்டாரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை.

1953-இல் முதல்வர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். காஞ்சிப் பட்டில் கோர்வைப் புடவை நெய்ய, கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்நாளில் பல வீடுகளில் அந்த ஆள் ஒரு சிறுவன்தான். அவனைத் தறியடியிலேயே உட்கார வைக்க அரசாங்கமே வழி சொன்னால் எப்படி? ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர், ராஜாஜி எவ்வளவு விளக்கியும் அழியவில்லை. அவர் பதவி விலகினார்.

அடுத்து யார்? 1954 மார்ச் 30 அன்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு. காமராஜருக்கு 93, சி.சுப்பிரமணியத்துக்கு 41. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி.எஸ்., ராஜாஜியின் அமைச்சரவையில் இருந்தவர்; அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர். தோற்றவரை ஓரங்கட்டுவதுதான் அரசியல் வழக்கம். காமராஜரோ அவரை அழைத்து நிதியையும் கல்வியையும் சேர்த்தே கொடுத்தார். அந்த ஆண்டு மே மாதம் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பும் சி.எஸ். வாயாலேயே வந்தது. சங்கடம் இல்லாமல் இருந்திருக்குமா?

காமராஜரின் கல்விப் புகழைப் பாடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பள்ளி திறக்கக் கேட்பவரும் பணம் ஒதுக்குபவரும் ஒரே ஆள் என்றால், கோப்பு எங்கே போய்த் தூங்கும்? உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம் கிடைக்க 1955-இல் வழி பிறந்தது. 1956-இல் மதிய உணவு தொடங்கியது. பின்பு ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கு வைத்து, ஆறு பைசாவை அரசு ஏற்றது. மீதி ஊர்க்காரர்கள் பொறுப்பு.

ஊர்களிடம் கேட்டு வாங்கும் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் இந்தக் காஞ்சி மண்ணின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு. பொதுக்கல்வி இயக்குநராக அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம், பெஞ்சு, கரும்பலகை என்று தந்தார்கள்.

சி.எஸ். 1962-இல் டெல்லிக்குப் போனார். பசுமைப் புரட்சி அவருக்கு வேறு பெயர் வாங்கித் தந்தது. பள்ளிக் கணக்கில் அவர் பெயர் பின்னுக்குப் போனது அதற்குப் பிறகுதான். நெ.து.சு. நடத்திய மாநாடுகளை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.