புரையேறாத புறாவும் ஒரு கிண்ணம் சூப்பும்

சீனாவில் ஹான் வம்ச அரசாங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. இலையுதிர் காலத்தின் நடு மாதத்தில் ஊர் ஊராகக் குடிக்கணக்கு எடுப்பார்கள். எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு அரசு சார்பில் இரண்டு பொருள் கொடுப்பார்கள். ஒன்று கைத்தடி, இன்னொன்று குழைய வெந்த கஞ்சி. தடியின் உயரம் அவர்கள் கணக்கில் ஒன்பது அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 2 மீட்டர். அதன் உச்சியில் ஒரு புறா உட்கார்ந்திருக்கும். ஏன் புறா? பின்-ஹான் வரலாற்று நூலே காரணம் சொல்கிறது. புறாவுக்குத் தொண்டையில் உணவு அடைக்காதாம். பெரியவருக்கும் அப்படியே அடைக்காமல் இருக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அது.

யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். 1959ல் கான்சு மாகாணத்தில் வுவெய் அருகே கல்லறைகளைத் தோண்டியபோது புறாத் தடிகளும் கிடைத்தன, தடி வைத்திருப்பவருக்கு என்னென்ன சலுகை என்று எழுதிய மரச்சுவடிகளும் கிடைத்தன. கி.பி. 59ல் பேரரசர் மிங் முதியோரை உட்காரவைத்து மரியாதை செய்தபோது, அவர்களுக்குத் தொண்டை அடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வதற்கென்றே முன்னாலும் பின்னாலும் ஆட்களை நிறுத்தினார்கள். வருடா வருடம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட்டோடு கவுன்ட்டரில் நிற்கும் பென்ஷன்தாரர்களைப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்துப்போனது. நாம் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறோம், அவர்கள் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள் :-)

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத வந்தது கான்டன் வீட்டுச் சூப்பைப் பற்றி. கான்டன் என்பது இன்றைய குவாங்தோங் மாகாணமும் அதை ஒட்டிய ஹாங்காங், மக்காவும். கி.மு. 111ல்தான் இந்தப் பகுதி ஹான் ஆட்சிக்குள் வந்தது. இன்று சீனாவில் சூப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவர்கள்தான். சூப்பில் இவர்களுக்கு இரண்டு சாதி உண்டு. ஒன்று 'தோங்', தெளிந்த திரவம். இன்னொன்று 'கங்', மாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கியது.

வயதில் மூத்தது கங். 1972ல் தோண்டிய மாவாங்துய் கல்லறையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இறந்த ஒரு சீமாட்டியோடு வைத்த பொருள்களின் பட்டியல் மூங்கில் சுவடிகளில் இருக்கிறது. அதில் பல வகை கங் வருகிறது. தோங் என்ற சொல்லுக்கோ ஆதியில் வெந்நீர் என்றுதான் பொருள். பிறகு மூலிகையைக் கொதிக்கவைத்த கஷாயத்துக்குப் பெயராயிற்று. சாப்பாட்டுச் சூப்புக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் பிறகு. அதனால்தானோ என்னவோ, கான்டன் வீட்டில் சூப் இன்றைக்கும் பாதி மருந்து.

பல் போனவர்களுக்கு, விழுங்க முடியாதவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதிலும் அவர்கள் பழைய கைகள். லி ஜி என்ற சடங்கு நூலில் முதியோரைப் பேணும் பகுதியை ஒட்டியே எட்டு உயர்ந்த உணவுகளின் செய்முறை வருகிறது. அதில் ஒன்று, இறைச்சியை நன்றாக இடித்து, நரம்பை எடுத்துவிட்டு, வெந்த பிறகு மேல் சவ்வையும் நீக்கி மெதுவாக்குவது. சோங் வம்சத்தில், 1080களில், சென் ட்ஸி என்ற வட்டார அதிகாரி பெற்றோரைப் பராமரிக்க என்றே ஒரு நூல் எழுதினார். முதியவருக்கு நோய் வந்தால் முதலில் உணவால் சரிசெய்து பார், மருந்து பிறகு என்பது அவர் கட்சி. கஞ்சியும் கங்கும் பக்கம் பக்கமாக இருக்கும். 1307ல் ஸோ ஷுவான் என்பவர் அதை விரிவாக்கினார்.

ஆனால் கான்டன்காரர்களின் அன்பு வேறு பக்கம் போய்விட்டது. அவர்களுடைய பெருமை 'லோ ஃபோ தோங்', அதாவது நெடுநேரத் தீச் சூப். பன்றி எலும்பு அல்லது கோழி, தாமரைக் கிழங்கு, சிவப்பு இலந்தை, சீனச் சேனை, பருவத்துக்கு ஏற்ற காய் எல்லாவற்றையும் மண்பானையில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் விடுவார்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர். உடம்பில் ஏறும் 'ஈரச் சூட்டை' இறக்க ஒரு சூப், குளிர்காலத்துக்கு ஒரு சூப் என்று கணக்கு வைத்திருப்பார்கள். மகன் வேலையிலிருந்து வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட, வந்து சூப் குடி என்பதில்தான் பாசம்.

இதில் ஒரு வரவு செலவுப் பிழை உண்டு. மூன்று மணி நேரம் கொதித்த பிறகும் புரதத்தில் பெரும்பகுதி பானையின் அடியில் கிடக்கும் சக்கையிலேயே இருக்கிறது. பலர் சக்கையை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கிறார்கள்.

பெரிய சிக்கல் தொண்டையில். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகள் தாமதமாக வேலை செய்யும். தண்ணீர் போன்ற திரவம் மூச்சுக்குழல் மூடுவதற்கு முன்பே பாய்ந்துவிடும். நாம் புரையேறுதல் என்று சொல்லி, யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோமே, அதுதான். இவர்களில் சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். அமெரிக்காவின் ஜெரி லோகமன் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் பார்க்கும் முறையை வளர்த்து, 1983ல் புத்தகமாகவும் எழுதிய பிறகுதான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, அம்மா மூன்று மணி நேரம் காத்திருந்து வடித்த அந்தத் தெளிந்த சூப்தான் இவர்களுக்கு அதிக ஆபத்து.

நான் இருக்கும் கொல்கத்தாவில் சீனர்களில் பெரும்பாலோர் ஹக்கா, தோல் தொழில் செய்தவர்கள். கான்டன்காரர்கள் தச்சர்களாக வந்தவர்கள். பௌபஜார் பக்கம் அப்படி ஒரு குடும்பம் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தது. கணவருக்குப் பக்கவாதம். நீர்த்த எதுவும் வாயில் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "சோறு வேண்டாம் என்றால் சரி பாபு, சூப்பும் வேண்டாம் என்றால் நான் எதற்கு அடுப்படிக்குப் போக வேண்டும்?" என்று அந்த அம்மா இந்தியில் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஃபிக்சட் டெபாசிட் ரசீதை நீட்டிக்கொண்டு நின்ற நான் என்ன பதில் சொல்ல?

பதில் அவர்கள் சமையலிலேயே இருந்தது. கங்!

ஆனால் பாட்டி கைக்கணக்கு மட்டும் போதாது. மாவால் கெட்டியான சூப்பில் எச்சில் பட்ட கரண்டி திரும்பத் திரும்பப் போனால், எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவைக் கரைத்து மறுபடி நீர்க்கச் செய்துவிடும். அதனால்தான் இன்று மருத்துவமனைகளில் ஸாந்தன் பசை கலக்கிறார்கள். முட்டைக்கோஸைக் கறுத்து அழுகவைக்கும் பாக்டீரியாவிலிருந்து எடுப்பது அது. கெட்டித்தன்மைக்கு அளவும் வந்துவிட்டது. 2013ல் தொடங்கிய சர்வதேச முயற்சி பானம், உணவு இரண்டுக்கும் சேர்த்து 0 முதல் 7 வரை படிகள் வகுத்தது. 10 மி.லி. சிரிஞ்சில் ஊற்றி, 10 விநாடி வடியவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். 1 முதல் 4 மி.லி. என்றால் முதல் படி, 4 முதல் 8 என்றால் இரண்டாம் படி, 8க்கு மேல் என்றால் மூன்றாம் படி. ஒரு சொட்டும் வடியாவிட்டால் நான்காவது. ஹாங்காங் சமூக சேவை மன்றம் இதை ஒட்டியே பராமரிப்பு உணவுக்கு வழிகாட்டி வெளியிட்டது. அங்கே அரைத்த மீனையும் காயையும் அச்சில் வார்த்து, பழைய உருவத்திலேயே தட்டில் வைக்கிறார்கள். எல்லாம் ஒரே கூழாக வந்தால் யாருக்குத்தான் சாப்பிடப் பிடிக்கும்?

அவர்கள் வீட்டு வகை ஒன்று சொல்கிறேன், வெண்பூசணி கங். நம் கல்யாணப் பூசணியேதான், அதே செடி. தோலும் விதையும் நீக்கி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை ஆவியில் வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்க்க வேண்டும். கோழி எலும்பு போட்டு நெடுநேரம் கொதித்த சாற்றை வடிகட்டி இதோடு சேர்க்கலாம். பானைச் சக்கையை வீணாக்காமல், எலும்பு நீக்கிய கோழி இறைச்சியைத் தனியாக நைஸாக அரைத்துச் சேர்த்தால் புரதமும் உள்ளே வந்துவிடும். தீயைக் குறைத்து, குளிர்ந்த நீரில் கரைத்த மாவைக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். கான்டனில் நீர்க்கொட்டை மாவு போடுவார்கள். இங்கே கடையில் கிடைக்கும் சிங்காடா மாவு வேறு செடி. சோளமாவு போதும். சோறு, நூடுல்ஸ், முட்டை இழை எதையும் மிதக்கவிடக்கூடாது. நீரும் கட்டியும் ஒன்றாக வாய்க்குள் போவதுதான் இவர்களுக்குச் சமாளிக்கக் கடினம். கஞ்சியும் அப்படியே. பருக்கை தெரியாமல் குழைந்தால்தான் சரி, ஆறிப்போய் மேலே நீர் பிரிந்தால் மறுபடி அடித்துக் கலக்க வேண்டும்.

யாருக்கு எந்தப் படி என்பதை விழுங்குதலைப் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக்கூடாது. கெட்டியான பானம் பிடிக்காமல் தண்ணீரே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போனது என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. சிரிஞ்ச் சோதனையை அடுப்படியில் சூடாகச் செய்யாதீர்கள். மாவு ஆற ஆற இறுகும். அவர் சாப்பிடும் நேரத்துச் சூட்டில் கிண்ணத்திலிருந்தே எடுத்துச் செய்யுங்கள்.