'சூப்பர்' மட்டும் போதுமா?

அனந்தபுரத்து நண்பர், 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்குப் போய், கல்யாண மஹாலைப் படமெடுத்து அனுப்புகிறார். வெயிலில் அலைந்து எடுத்த படத்துக்கு வெறும் 'சூப்பர்'தானா?

முதலில் உங்கள் கண் எங்கே நின்றது என்று சொல்லுங்கள். 'பின்னாடி ராஜகிரி நிக்கிறதால, அத்தனை மாடி மஹாலே சின்னதாத் தெரியுது!' அவர் தெரியாமல் செய்ததுகூட இப்படித்தான் அவருக்கே புரியும்.

அப்புறம் ஒரே ஒரு குறை. மொபைலை அண்ணாந்து பிடித்தால், சுவர்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும். 'கோணல்' என்று சொல்லி நிறுத்தாமல், 'இன்னும் தள்ளி நின்னு, போனை நேரா பிடிச்சுப் பாருங்க' எனலாம். உச்சிவெயிலில் பாறைகள் தட்டையாகத் தெரியும். சாயங்காலம் போகச் சொல்லலாம்.

'கேமரா சரியில்லை' என்பதெல்லாம் விமர்சனமே இல்லை. குறையைத் தனியாகச் சொல்லுங்கள். பாராட்டைக் குரூப்பிலேயே போடலாம், தப்பில்லை!