பெர்லின் நீலம் மஜ்ஜைக்கு வந்த கதை

1706 வாக்கில் பெர்லின் நகரத்தில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. அதற்குப் படிகாரமும் இரும்பு உப்பும் பொட்டாஷும் தேவை. பொட்டாஷ் தீர்ந்துபோனதால் டிப்பெல் என்ற ரசவாதியிடம் வாங்கிவந்தார். டிப்பெல் விலங்குகளின் ரத்தத்தைக் காய்ச்சி எண்ணெய் வடிப்பவர். கொடுத்த பொட்டாஷிலும் அந்த எண்ணெயின் கசடு கலந்திருந்தது. சட்டியில் சிவப்புக்குப் பதிலாக அடர்ந்த நீலம் படிந்தது. ஷ்டால் என்ற வேதியியலாளர் 1731இல் எழுதிவைத்ததால் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது.

ரத்தக் கசடும் இரும்பும் சேர்ந்து பிறந்த அந்த நிறம்தான் பிரஷ்யன் நீலம். ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் கழித்து அது மறுபடி ரத்தத்தின் பக்கம் திரும்பியது. உடம்பில் இரும்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மருத்துவர்கள் கண்ணால் பார்த்தது இந்த நீலத்தைக் கொண்டுதான்.

முதலில் அது ஓவியர்களிடம் போனது. லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுக்கும் நீலத்தின் விலையைப் பலராலும் கொடுக்க முடியாத காலம். 1709இல் பீட்டர் வான் டெர் வெர்ஃப் வரைந்த கிறிஸ்துவின் அடக்கக் காட்சியிலேயே இந்தப் புது நீலம் இருக்கிறது. செய்முறையைப் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்தார்கள். 1724இல் லண்டனில் அது அச்சேறியது. பிற்பாடு ஜப்பானுக்கும் போய் ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தில் ஏறியது.

மருத்துவத்துக்கு வழி திறந்தது 1752இல். பிரெஞ்சு வேதியியலாளர் மக்கே இந்த நீலத்தைக் காரத்தோடு கொதிக்கவைத்தார். நிறம் போய், கரைசலில் மஞ்சள் உப்பு மிஞ்சியது. இன்று அதைப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு என்கிறோம். அந்த மஞ்சள் கரைசலில் துளி இரும்பு உப்பு விழுந்தாலும் நீலம் திரும்பி வந்துவிடும். அதுவரை வெறும் நிறமாக இருந்த பொருள், இரும்பு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியானது.

1867இல் ஜெர்மன் நோயியலாளர் மாக்ஸ் பெர்ல்ஸ் அந்தச் சோதனையைத் திசுக்கள்மேல் செய்து பார்த்தார். ஃபெர்ரோசயனைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டு மட்டும் போதும். அமிலம் திசுவில் கட்டுண்டு கிடக்கும் இரும்பை விடுவிக்கும். விடுபட்ட இடத்திலேயே நீலம் பிறந்து ஒட்டிக்கொள்ளும். இதில் முக்கியமான ஒன்று: ஹீமோகுளோபினுக்குள் இருக்கும் இரும்பு இந்த அமிலத்துக்கு மசியாது. ஆகவே ரத்தம் நிறைந்த திசுவில்கூடச் சிவப்பணுக்களின் இரும்பு நீலமாகாது. சேமித்து வைத்த இரும்பு மட்டுமே நீலமாகும். இந்தப் பாகுபாடு இல்லையென்றால் சோதனையே பயனற்றுப் போயிருக்கும்.

இரும்பு சேமிக்கப்படும் இடங்களில் ஒன்று, சிவப்பணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜை. அதைப் பிணத்திலிருந்து எடுக்கலாம். உயிரோடு இருப்பவரிடம் எடுப்பது எப்படி? 1920களின் கடைசியில் லெனின்கிராடில் அரின்கின் என்ற மருத்துவர் மார்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்மேட்டில் எடுக்கிறார்கள். தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துப்போக ஊசி போட்டுவிடலாம். ஆனால் உறிஞ்சும் அந்தச் சில நொடி வலிக்கு மருந்து எட்டாது.

அந்த வலிக்குப் பலன் என்ன என்பதை, தொற்றாலோ அழற்சியாலோ வரும் ரத்தசோகைதான் காட்டியது. காசநோய், முடக்குவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய், புற்றுநோய் என்று எது நெடுநாள் உடம்பில் தங்கினாலும் ஹீமோகுளோபின் மெல்ல இறங்கும். ரத்தத்தில் இரும்பை அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் அதே குறைவுதான். 1940களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்ட்ரைட்டும் விண்ட்ரோபும் தொற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இரும்பு இறங்குவதை விரிவாக ஆராய்ந்தார்கள். ரத்தத்தின் இரும்பை மட்டும் பார்த்தால் இரண்டு நோயும் ஒன்றுபோலவே தெரியும்.

மஜ்ஜையை நீலச் சாயத்தில் நனைத்தால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவரின் ஸ்லைடில் எங்கே தேடினாலும் நீலம் இராது. பின்னணி தெரிய ஏற்றும் எதிர்ச்சாயத்தின் சிவப்பு மட்டுமே. நாள்பட்ட நோய்க்காரரின் ஸ்லைடில் மேக்ரோஃபேஜ் செல்கள் நீலம் அப்பிக் கிடக்கும். பக்கத்திலேயே சிவப்பணுவாக வளரவேண்டிய இளம் செல்களில் நீலப் புள்ளி அரிதாகவே தென்படும். குதிர் நிறைய நெல் இருக்க, அடுப்பில் உலை காய்கிற வீடு அது. நாள்பட்ட நோயின் ரத்தசோகையை இவ்வளவு நேராகக் காட்டும் வேறு சோதனை கிடையாது என்று நான் நம்புகிறேன்.

மேக்ரோஃபேஜ்களுக்கு அவ்வளவு இரும்பு எப்படி வந்தது? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை விழுங்கி, அவற்றின் இரும்பைப் பிரித்து மறுபடி ரத்தத்தில் விடுவது மேக்ரோஃபேஜ்களின் வேலை. நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இப்படித் திரும்புகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஈர்ப்பது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். அழற்சி வந்ததும் மேக்ரோஃபேஜ்கள் இரும்பை வெளியே விடுவதில்லை. கிருமிகளும் இரும்பை வைத்தே வளர்கின்றன. அவற்றுக்கு எட்டாமல் உடம்பு பதுக்கிவைக்கிறது. நாலு நாள் காய்ச்சலுக்கு இது நல்ல தற்காப்பு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முடக்குவாதத்தில் அதுவே ஆளை வெளுக்கவைக்கிறது.

ஒவ்வொரு ரத்தசோகைக்கும் மஜ்ஜையைக் குத்த முடியாது. 1972இல் வேல்ஸின் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள் ரத்தத்திலுள்ள ஃபெரிட்டினை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். செல்லுக்குள் இரும்பைப் பூட்டிவைக்கும் புரதம் அது. ஒரு ஃபெரிட்டின் சுமார் 4500 இரும்பணுக்களைக் கொள்ளும். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது. ஆகக் கையில் எடுத்த ரத்தத்தைக் கொண்டே சேமிப்பைக் கணிக்க வழி பிறந்தது. இதைப் பெரிய கருணை என்றே சொல்வேன். இன்று நம் ஊர் லேப்களிலும் இது சாதாரணச் சோதனை.

ஆனால் ஃபெரிட்டினிடம் ஒரு சிக்கல் உண்டு. அழற்சி இருந்தால் சேமிப்பைப் பொருட்படுத்தாமல் அதன் அளவு உயரும். முடக்குவாதத்துக்கு ஆண்டுக்கணக்கில் வலிமாத்திரை விழுங்கி, இரைப்பையில் ரத்தம் கசிந்து, இரும்பையும் இழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டு ரத்தசோகையும் உண்டு. ஃபெரிட்டினோ நல்ல அளவு காட்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்ற குறைபாட்டு எல்லையை, தொற்றோ அழற்சியோ இருந்தால் 70 என்று உயர்த்தியது. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் கூடவே பார்க்காமல் ஃபெரிட்டின் எண்ணை மட்டும் நம்புவது சரியல்ல. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் மொத்தக் கொள்ளளவு இன்னொரு துப்பு: இரும்புக் குறைபாட்டில் அது கூடும், நாள்பட்ட நோயில் குறையும். ரத்தத்தில் கரைந்த டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி குறைபாட்டில் உயரும். அழற்சி மட்டும் என்றால் பெரிதாக அசையாது. ஹீமோகுளோபின் குறைந்ததும் இதில் எதையும் பார்க்காமல் இரும்பு மாத்திரை எழுதி மாதக்கணக்கில் விழுங்கச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். குதிர் பூட்டிக் கிடக்கையில் இன்னும் ஒரு மூட்டை நெல்லால் உலை ஏறாது. குடலும் அப்போது இரும்பை உள்ளே விடுவதில்லை.

பூட்டு யார் கையில் என்பது 2001க்குப் பிறகு தெளிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கான்ஸ் குழு, கிருமிகளைக் கொல்லும் புரதங்களைத் தேடும்போது மனிதச் சிறுநீரில் ஹெப்சிடினைப் பிரித்தெடுத்தது. கல்லீரல் சுரக்கும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னத் துண்டு. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெர்ரோபோர்ட்டினை அது பற்றி அழிக்கிறது என்று 2004இல் நெமெத் குழு காட்டியது. அழற்சியில் ஹெப்சிடின் பெருகும், வாசல் அடையும், மேக்ரோஃபேஜ்களில் நீலம் தேங்கும். பெர்ல்ஸின் சாயம் வெகுகாலமாகக் காட்டிவந்ததற்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

ஹெப்சிடின் அளவீடு இன்னும் பெரும்பாலான லேப்களின் அன்றாடச் சோதனையாகவில்லை. எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போதும், வேறு காரணத்துக்காக மஜ்ஜை எடுக்கும்போதும் பழைய நீலத்தையே இன்றும் கூப்பிடுகிறார்கள். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரும்பு நிச்சயமாக இருக்கும் ஒரு ஸ்லைடையும் கூடவே சாயமேற்ற வேண்டும். இல்லையேல் நீலம் வராததற்குக் குறைபாடு காரணமா, மருந்து கெட்டுப்போனதா என்று சொல்ல முடியாது. கையாளும் பாத்திரங்களில் இரும்பு ஒட்டியிருக்கக் கூடாது. “சேமிப்பு இல்லை” என்று எழுதுமுன் ஏழு மஜ்ஜைத் துகள்களையாவது தேடிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு துகளில் நீலம் இல்லாததை வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது.